ஏலப் பாக்கிப் பட்டியலைச் சபை வாட்ஸ்அப் குழுவில் போட்ட அண்ணனிடம் எப்படிப் பேசுவது?

மாந்தோப்பு (கிருஷ்ணகிரி)

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். சபையின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்ததும் ஏலம் நடக்கும். தேங்காய்க் குலை, சேவல், பூசணி, கரும்புக் கட்டு, வீட்டில் செய்த கேக் என்று எது வந்தாலும் ஏலத்துக்குப் போகும். ஒரு தேங்காய் ஆயிரம் ரூபாயைத் தொடும். காணிக்கை என்று நினைத்துத்தான் எடுக்கிறோம், அதனால் யாரும் விலை பார்ப்பதில்லை. அன்றே பணம் கட்டுகிறவர்கள் உண்டு. எழுதி வையுங்கள், கிறிஸ்துமஸுக்குள் தருகிறேன் என்பவர்களும் உண்டு.

இந்த முறை கமிட்டியில் இருக்கும் ஓர் அண்ணன், பாக்கி வைத்தவர்களின் பெயரையும் தொகையையும் சபைக் குழுவில் போட்டுவிட்டார். கூடவே பிரசங்கி 5:4. "பொருத்தனை பண்ணிக்கொண்டால், அதைச் செலுத்தத் தாமதியாதே, அவர் மூடரில் பிரியப்படுகிறதில்லை."

பட்டியலில் ஒரு தக்காளி விவசாயியும் இருந்தார். அவர் ஏலம் எடுத்த அன்று தக்காளிக்கு நல்ல விலை. அப்புறம் பறிக்கிற கூலிக்கே கட்டாமல் போய், பழத்தைச் செடியிலேயே விட்டுவிட்டார். பட்டியல் வந்ததிலிருந்து அந்தக் குடும்பம் ஆராதனைக்கு வருவதில்லை. மகள் ஞாயிறு பள்ளிக்கும் வருவதில்லை.

அண்ணன் கெட்டவர் இல்லை. ஆலயக் கட்டட வேலை நடந்தபோது சிமெண்ட் மூட்டைக்குக் காவலாக ராத்திரி அங்கேயே படுத்தவர். கணக்கில் ஒரு ரூபாய் பிசகாது. ஆனால் இந்தக் காரியத்தை அவரிடம் யாராவது சொல்லியே ஆக வேண்டும். நான் வயதில் சிறியவன். எப்படிச் சொல்வது? தக்காளிக்காரர் வீட்டுக்கு என்ன சொல்லிக்கொண்டு போவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

சிப்காட் தம்பி (ஓசூர்)

அண்ணா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவர் குழுவில் போட்டார். நீங்களும் குழுவிலேயே கேளுங்கள். இருநூறு பேர் முன்னால் ஒரு குடும்பத்தைத் தலைகுனிய வைத்துவிட்டு, அவருக்கு மட்டும் தனியாக, மெதுவாக, மரியாதையாகவா? அந்தியோகியாவில் பேதுரு செய்த தப்பைப் பவுல் எல்லாருக்கும் முன்பாகத்தான் கேட்டார். கலாத்தியர் 2 படியுங்கள். பெரிய மனிதர் செய்தால் மூடி மறைப்பதும் ஏழை செய்தால் பட்டியல் போடுவதும் நம் சபைகளில் அதிகமாகிவிட்டது. எனக்கு இதைப் படித்ததும் கோபம்தான் வந்தது.

---

பழைய வாத்தியார் (கிருஷ்ணகிரி)

தம்பி சிப்காட், உங்கள் கோபம் நியாயமானது. யார் தலை குனிந்தது என்று முதலில் பார்த்தீர்களே, அதுவே நல்ல மனசு. ஆனால் கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தை இந்த இடத்துக்கு எடுத்து வைப்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. பேதுரு புறஜாதி (யூதரல்லாத) விசுவாசிகளோடு பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். எருசலேம் சபையின் யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் பயந்து எழுந்து விலகினார். அதைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினார்கள், பர்னபாவே இழுபட்டுப்போனார். அப்போது சபையே இரண்டு பந்தியாக உடைகிற நேரம். பவுல் அங்கே, அந்த நிமிஷத்தில், 'முகமுகமாய்' எதிர்த்தார். பேதுரு எதிரில் இருந்தார், பதில் சொல்லவும் அவருக்கு இடம் இருந்தது. போனில் தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போவதை அதோடு சேர்க்க முடியாது.

நான் லுத்தரன் குடும்பத்தில் வளர்ந்தவன். அமெரிக்க லுத்தரன் மிஷனான மிசௌரி மிஷனின் நேதர் 1895-இல் இந்தக் கிருஷ்ணகிரியில்தான் ஊழியம் ஆரம்பித்தார். அந்த வழியில் வந்த எங்களுக்குச் சின்ன வயதிலேயே லுத்தரின் ஞானோபதேசத்தை, அதாவது விசுவாசப் பாடத்தை, மனப்பாடம் செய்ய வைப்பார்கள். பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளை எங்களுக்கு எட்டாவது, சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே சபைகளில் ஒன்பதாவது. 1529-இல் லுத்தர் எழுதிய விளக்கத்தில், அயலானைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தால் மட்டும் போதாது, அவனுக்காகப் பரிந்து பேச வேண்டும், அவன் செய்கிற எதையும் நல்லவிதமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறார்.

லுத்தரின் பெரிய ஞானோபதேசத்தில் இதே கட்டளைக்குக் கீழே மத்தேயு 18:15 வருகிறது. உன் சகோதரன் குற்றஞ்செய்தால், நீயும் அவனும் தனித்திருக்கையில் அதை அவனுக்கு உணர்த்து என்ற வசனம். அதற்கு லுத்தர் ஒரு உதாரணம் சொல்கிறார். வேலைக்காரன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை. எஜமான் அவனை வீட்டில் உட்கார வைத்துவிட்டுத் தெருவில் இறங்கி அக்கம்பக்கத்தாரிடம் புலம்புகிறான். ஊர் என்ன சொல்லும்? 'முட்டாளே, எங்களிடம் ஏன் சொல்கிறாய், அவனிடம் போய்ச் சொல்' என்று சொல்லும். லுத்தர் கேட்பது இவ்வளவுதான். ஏறக்குறைய ஐந்நூறு வருஷம் ஆகிறது, நம் வாட்ஸ்அப் குழுக்கள் அந்தத் தெருவில்தான் நிற்கின்றன.

அண்ணன் விவசாயி வீட்டுக்குப் போகாமல் தெருவுக்குப் போனார். நீங்களும் அண்ணனிடம் போகாமல் தெருவுக்குப் போகலாமா?

---

ராயக்கோட்டை அக்கா

வாத்தியார் ஐயா சொன்னது சரி. ஆனால் எல்லோரும் அண்ணனையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தம்பி மாந்தோப்பு, முதலில் தக்காளிக்காரர் வீட்டுக்குப் போங்கள். அடிபட்டவரைப் பார்த்துவிட்டு அப்புறம் மற்றதைப் பார்க்கலாம்.

எங்கள் மார்க்கெட்டில் தினமும் பார்க்கிறேன். ஒரு வாரம் பெட்டிக்கு நல்ல விலை. அடுத்த வாரம் வண்டி வாடகைகூட வராமல், இறக்கிய பெட்டியைத் திருப்பி எடுத்துப்போக மனசில்லாமல் மனுஷன் நிற்பான். அந்த நேரத்தில் போனை எடுத்தால் சபைக் குழுவில் தன் பெயர். கீழே "மூடர்" என்று வசனம். அவர் வீட்டுக்காரி அதைப் படித்திருப்பாள். மகள் படித்திருப்பாள். மகளுடைய தோழிகளின் அம்மாக்களும் படித்திருப்பார்கள்.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நாங்கள் வீடு சந்திக்கப் போகும்போது சில பழக்கங்கள் வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை போவதில்லை, ஏன் வரவில்லை என்று கேட்க வந்ததாகத் தெரியும். வார நாளில், சாயந்திரம், ஆடு மாடு கட்டி முடித்த பிறகு போவோம். இரண்டு பேருக்கு மேல் போனால் பஞ்சாயத்து போல இருக்கும். கொடுத்ததைச் சாப்பிட வேண்டும், வேண்டாம் என்று சொல்லவே கூடாது. பணப் பேச்சை நாங்களாக எடுக்கக் கூடாது. அவர்களே எடுத்தால் கேட்க வேண்டும், "பரவாயில்லை, எல்லாம் சரியாகிவிடும்" என்று பாதியில் அடைக்கக் கூடாது. மனசில் இருப்பதைக் கொட்டட்டும். சபையைத் திட்டினாலும் சபைக்காக வக்காலத்து வாங்க வேண்டாம். கிளம்பும்போது ஜெபிக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று வந்துவிடுங்கள், அதிலும் தப்பில்லை.

ஜெபத்திலேயே புத்தி சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். "ஆண்டவரே, இவர்களுக்குக் கொடுக்கிற மனசைத் தாரும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். கேட்கிறவர் எழுந்து பதில் சொல்ல முடியாது. அதை மட்டும் செய்யாதீர்கள்.

---

எலத்தகிரி வாசகன்

இயேசுவுக்கே புகழ். நான் கத்தோலிக்கன், எங்கள் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

தவறு செய்பவரைத் திருத்துவதை எங்கள் திருச்சபை ஏழு ஆன்ம இரக்கச் செயல்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. துயரப்படுவோருக்கு ஆறுதல் சொல்வதும், நம்மை நோகடிப்பவர்களைப் பொறுத்துக்கொள்வதும் அதே பட்டியலில்தான் வரும். ஆக, இரக்கம் இல்லாமல் செய்தால் அது திருத்துதலே ஆகாது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2012 தவக்காலச் செய்தியில் இந்தச் சகோதரத் திருத்தத்தைத்தான் வலியுறுத்தினார். ஒருவருக்கொருவர் உடல் நலத்தை விசாரிக்கிற அளவுக்கு ஆன்ம நலத்தை விசாரிக்க மறந்துவிட்டோம் என்பது அவருடைய கவலை. எனக்கும் அந்தக் கவலை உண்டு. நாம் ஒன்று பட்டியல் போடுகிறோம், இல்லையென்றால் "நமக்கென்ன" என்று இருந்துவிடுகிறோம். இரண்டாவதும் அன்பு இல்லை. லேவியர் 19-இல் 'உன்னை நீ அன்புகூர்வது போல் அயலானையும் அன்புகூர்' என்ற கட்டளைக்கு முந்தின வரியிலேயே அயலானைக் கடிந்துகொள்ளும் கட்டளை இருக்கிறது.

புனித அகுஸ்தீன் மத்தேயு 18 பற்றி ஆற்றிய மறையுரையில் ஒரு கேள்வி உண்டு. அவனை ஏன் திருத்துகிறாய், அவன் உனக்குத் தீங்கு செய்தது உனக்கு வலிக்கிறது என்பதாலா? உன்மேல் உள்ள அன்பால் செய்தால் நீ ஒன்றும் செய்யவில்லை. அவன்மேல் உள்ள அன்பால் செய்தால் நன்றாகச் செய்கிறாய். அண்ணனிடம் போவதற்கு முன் இதை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

சிப்காட் தம்பிக்கும் அதே மறையுரையில் இடம் இருக்கிறது. மறைவாகச் செய்த பாவத்தை மறைவாகத் திருத்து, எல்லார் முன்னும் செய்ததை எல்லார் முன்னும் திருத்து என்கிறார் அகுஸ்தீன். ஆகவே குழுவில் நடந்தது குழுவில் சரியாக வேண்டும் என்று தம்பி சொல்வதை அப்படியே தள்ள முடியாது. யார் சரிசெய்ய வேண்டும் என்பதில்தான் பேச்சு.

வயதில் சிறியவன் என்ற தயக்கம் வேண்டாம். மேலே இருப்பவரைக் கீழே இருப்பவர் திருத்தலாமா என்ற கேள்வியை இறையியலாளரான புனித தாமஸ் அக்குவினாஸ் தனியாகவே எடுத்துப் பேசியிருக்கிறார். திருத்தலாம், ஆனால் துடுக்காக இல்லாமல் பணிவோடும் மரியாதையோடும் என்பது அவர் பதில்.

---

சிப்காட் தம்பி (ஓசூர்)

வாத்தியார் ஐயா, வாசகன் அண்ணா, நன்றி. பேதுரு விஷயம் புரிகிறது. ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "தனியாகப் போய்ப் பேசு" என்பதைப் பிடித்துக்கொண்டுதான் எத்தனையோ இடங்களில் தப்பு பல வருஷம் நடக்கிறது. காணிக்கைப் பணத்தில் கை வைத்தவரிடம் தனியாகப் பேசினார்கள், அவர் அழுதார், ஜெபித்தார்கள், மறுபடியும் கை வைத்தார். ஒரு சின்னப் பிள்ளையிடம் ஒருவன் தப்பாக நடந்துகொண்டால் அப்போதும் "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்று வசனம் சொல்வோமா? சாந்தம், தாழ்மை என்ற வார்த்தைகளைக் கேட்டாலே பயமாக இருக்கிறது. அடிபட்டவர் வாயை அடைக்கவே அவை பயன்படுகின்றன.

---

அரூர் ஊழியர்

பிரைஸ் த லார்ட். தம்பி கேட்டது பெரிய கேள்வி, நேராகவே பதில் சொல்கிறேன்.

பிள்ளைகள் விஷயத்தில் மத்தேயு 18-ஐ எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டம் 2012-இன்படி, தெரிந்தும் போலீஸில் சொல்லாமல் இருப்பதே குற்றம். பாஸ்டராக இருந்தாலும் மூப்பராக இருந்தாலும் இதுதான். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் செய்யுங்கள், காவல் நிலையம் போங்கள். அந்தப் பிள்ளையைக் காப்பாற்றுவதுதான் அங்கே அன்பு. குற்றம் செய்தவனின் ஆத்துமாவுக்காக ஜெபிப்பதை யாரும் தடுக்கவில்லை, ஆனால் முதலில் பிள்ளை. அதே அதிகாரத்தின் ஆரம்பத்தில் சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனைப் பற்றி ஆண்டவர் எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்று பாருங்கள், ஏந்திரக்கல்லைக் கழுத்தில் கட்டி ஆழத்தில் அமிழ்த்துவது அவனுக்கு நலம் என்றார்.

மூப்பர்கள் காரியத்துக்குப் பவுல் தனி ஒழுங்கு வைத்திருக்கிறார். 1 தீமோத்தேயு 5-இல் இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் மூப்பன்மேல் பிராது ஏற்காதே என்கிறார். அடுத்த வசனத்திலேயே பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்கிறார். வீண்பழியிலிருந்து பாதுகாப்பும் உண்டு, பதவியை வைத்துத் தப்பிக்கவும் வழியில்லை. பணத்தில் கை வைத்தவர் அழுதால் மன்னிக்கலாம். ஆனால் பீரோ சாவியைத் திரும்ப அவர் கையில் கொடுக்க வேண்டும் என்று எந்த வசனமும் சொல்லவில்லை.

ஆனால் மாந்தோப்பு பிரதர் சொன்னது அந்த வகை இல்லை. பணம் கட்ட முடியாதவர் ஒருவர், அவசரப்பட்டுப் பட்டியல் போட்டவர் ஒருவர். இதற்குப் போய்ப் பெரிய ஆயுதத்தை எடுக்க வேண்டாம்.

ஊழியர்கள் செய்கிற ஒரு காரியத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நேரில் சொல்லத் தைரியம் இல்லாமல் பிரசங்கத்தில் சாடை பேசுவது. "சிலர் இருக்கிறார்கள்..." என்று ஆரம்பிக்கும்போதே சபையில் பாதிப் பேர் திரும்பி அந்த ஒருவரைப் பார்ப்பார்கள். பிரசங்க மேடை அதற்கானதில்லை. நாத்தான் தாவீதிடம் ஆட்டுக்குட்டிக் கதை சொன்னபோதுகூட நேராக அவன் முன்னால் போய் நின்று, "நீயே அந்த மனுஷன்" என்று அவனிடமே சொன்னான். சிங்காசனத்தில் இருக்கிறவன் முன்னால் அப்படி நிற்பதற்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். சாடை பேசுகிறவருக்கு அந்த ஆபத்து ஒன்றும் இல்லை.

---

பொம்மிடி நர்ஸ்

ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் செய்கிறேன், இதற்கு எழுதத் தோன்றியது.

எங்கள் சபையில் வாலிபத் தம்பி ஒருவர் நன்றாகப் பேசுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வியாதி தீராமல் இருப்பதற்கு விசுவாசக் குறைவுதான் காரணம் என்று அடித்துப் பேசிவிட்டார். வாரம்தோறும் டயாலிசிஸுக்குத் தருமபுரி போகிற ஒரு அம்மா பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஆராதனை முடிந்ததும் சிலர் தம்பியைப் பிடித்துக்கொள்ளப் போனார்கள்.

அதற்குள் வயதான ஒரு தம்பதி முந்திக்கொண்டார்கள். "பேச்சு நல்லா இருந்துச்சு கண்ணு, உன்கிட்ட வரம் இருக்கு" என்றார்கள். அது பொய் இல்லை, அவருக்கு வரம் இருக்கிறது. அடுத்த முறை அந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது தம்பியையும் துணைக்கு அழைத்தார்கள். அம்மா நாலு மணி நேரம் மிஷினில் படுத்திருக்க, தம்பி பக்கத்தில் இருந்தார். ஊசி குத்திக் குத்தி முடிச்சு முடிச்சாக வீங்கிய அந்தக் கையைப் பார்த்தார். அந்த அம்மா படுத்தபடியே மெதுவாகப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார், அதையும் கேட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் தாத்தா, "இந்த அம்மாவுக்கு விசுவாசம் இருக்குதா இல்லையா, நீயே சொல்லு" என்று மட்டும் கேட்டாராம். அடுத்த ஞாயிறு தம்பியே எழுந்து அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். யாரும் அவரைச் சொல்லச் சொல்லவில்லை.

அப்போஸ்தலர் 18-இல் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அப்பொல்லோவுக்கு இதைத்தானே செய்தார்கள். அவன் சாதுரியமாகப் பேசுகிறவன், வேதத்தில் வல்லவன், ஆனாலும் யோவானின் ஞானஸ்நானத்தை மட்டும் அறிந்திருந்தான். ஜெப ஆலயத்தில் எழுந்து மறுக்காமல், கூடாரம் பண்ணுகிற அந்தப் புருஷனும் மனைவியும் அவனைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு விளக்கினார்கள்.

---

மாந்தோப்பு (கிருஷ்ணகிரி)

எல்லோருக்கும் நன்றி. ராயக்கோட்டை அக்கா சொன்னபடி நானும் என் மனைவியும் தக்காளிக்காரர் வீட்டுக்குப் போய்வந்தோம். அவர் அதிகம் பேசவில்லை. அவர் மனைவிதான் பேசினார். பணம் கேட்டது வருத்தம் இல்லையாம். அண்ணன் அவர்கள் தோட்டத்து வழியாகத்தான் தினமும் போகிறார், வண்டியை நிறுத்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்பதுதான் வருத்தமாம்.

அண்ணனைப் பற்றியும் ஒரு விஷயம் கேள்விப்பட்டேன். போன வருஷம் ஏலத்தில் வராமல் நின்ற தொகையை அவரே கைக்காசு போட்டு ஈடுகட்டியிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. இந்த வருஷம் அவர் மகளுக்குக் காலேஜ் பீஸ். அந்த நெருக்கடியில் செய்திருக்கலாம். இதைக் கேட்ட பிறகு எனக்கு அவர்மேல் இருந்த கோபம் குறைந்துவிட்டது. ஆனால் பேச வேண்டும் என்பது மாறவில்லை. எப்படி ஆரம்பிப்பது?

---

பழைய வாத்தியார் (கிருஷ்ணகிரி)

இப்போது நீங்கள் பேசத் தயார். அண்ணன் சுமந்ததைத் தெரிந்துகொண்டீர்கள், அதிலிருந்தே ஆரம்பியுங்கள்.

முதிர்வயதுள்ளவனைக் கடிந்துகொள்ளாமல் தகப்பனைப் போல எண்ணிப் புத்தி சொல் என்று தீமோத்தேயு என்ற வாலிபனுக்குத்தான் பவுல் எழுதினார். அவர் வீட்டுக்கு நீங்கள் போங்கள், உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லாதீர்கள். "அண்ணா, ஏலக் கணக்கு உங்களுக்கு எவ்வளவு பாரமாக இருக்கிறது என்று எனக்கு இதுவரைக்கும் தெரியாது" என்று சொல்லுங்கள். அவர் பேசட்டும். அப்புறம், "அந்தப் பட்டியல் வந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் கோயிலுக்கு வரவில்லை, நான் போய்ப் பார்த்தேன்" என்று கண்டதை மட்டும் சொல்லுங்கள்.

சில வார்த்தைகளைத் தவிர்த்துவிடுங்கள். "எல்லாரும் சொல்றாங்க" என்று சொன்னால் யார் யார் என்று கேட்பார், பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்றால் கேட்கிற காது அத்தோடு அடைந்துவிடும். "அன்புல சொல்றேன், தப்பா நினைக்காதீங்க" என்ற முன்னுரையும் வேண்டாம். அன்பு இருந்தால் அவருக்கே தெரியும். கையில் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு போகாதீர்கள், அவர் உங்களைவிட அதிகமாக வாசித்தவர்.

---

சிப்காட் தம்பி (ஓசூர்)

அவர் கேட்காவிட்டால்?

---

அரூர் ஊழியர்

இன்னொரு நாள் போக வேண்டும். அப்புறம் அவர் மதிக்கிற ஒருவரையோ இரண்டு பேரையோ கூட்டிக்கொண்டு போக வேண்டும். கூட வருகிறவர்கள் அவருக்கும் வேண்டியவர்களாக இருக்கட்டும், உங்கள் கட்சி ஆட்களாக இருக்கக் கூடாது. அதன் பிறகுதான் கமிட்டி. இந்தப் படிகளைச் சொல்கிற மத்தேயு 18-இல், அவற்றுக்கு முன்னால் காணாமற்போன ஆட்டைத் தேடிப் போகிற மேய்ப்பன் இருக்கிறார், பின்னால் ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொல்கிற பதில் இருக்கிறது. நடுவில் இருக்கிற படிகளை மட்டும் பிய்த்து எடுத்து, எப்போது வெளியே தள்ளலாம் என்று பார்க்கக் கூடாது. கொரிந்துவில் சபையே தண்டித்த ஒருவனைக்கூட, அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி மன்னித்து ஆறுதல் செய்யுங்கள் என்றுதான் பவுல் பிறகு எழுதினார்.

---

சிப்காட் தம்பி (ஓசூர்)

சரி பாஸ்டர். குழுவில் நடந்தது குழுவில் சரியாக வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் அண்ணனே போட வேண்டும், அவர் மனசார. மாந்தோப்பு அண்ணா, அவர் சம்மதித்தால் இப்படி ஒன்று போடலாமா? "அறுப்பின் பண்டிகை ஏலப் பாக்கி விவரத்தைக் குழுவில் வெளியிட்டதால் யாருக்காவது மனவருத்தம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறேன். பாக்கி உள்ளவர்கள் வசதிப்படும்போது செலுத்தலாம்."

---

பழைய வாத்தியார் (கிருஷ்ணகிரி)

நல்ல முயற்சி தம்பி. "யாருக்காவது", "ஏற்பட்டிருந்தால்" இரண்டையும் எடுத்துவிடுங்கள். மனவருத்தம் ஏற்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். "பெயர்களைக் குழுவில் போட்டிருக்கக் கூடாது. தவறு என்னுடையது. மன்னிக்கவும்." இவ்வளவு போதும். கடைசி வரியில் பணத்தைப் பற்றி எதுவும் வேண்டாம்.

---

ராயக்கோட்டை அக்கா

அதைப் போடுவதற்கு முன்னால் அண்ணன் அந்த வீட்டுக்குப் போய்வந்திருக்க வேண்டும். அவர்கள் மன்னிப்பைக் குழுவில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. அங்கே போனால் தொகை எவ்வளவு என்று ஞாபகப்படுத்தவும் கூடாது. இன்னொன்று, அடுத்த வருஷம் ஏலப் பாக்கியை ஆளுக்கொரு சீட்டில் எழுதி உறையில் போட்டுக் கையில் கொடுங்கள். கமிட்டியில் இதை மாந்தோப்பு தம்பி சொல்வதைவிட அந்த அண்ணனே சொன்னால் நன்றாக இருக்கும்.